வீட்டில் வளர்க்கும் பறவைகள்: நோய்களும் தடுக்கும் வழிகளும்

தோட்டக் குடியிருப்புகளில் பறவை வளர்க்கும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. வாசலில் தொங்கும் கூண்டில் ஒரு கிளி, கூரையோரப் பலகைப் பெட்டியில் சில சோடிப் புறாக்கள், காலையில் கூவி மகிழ்விக்கும் 'மெர்போக்' எனும் சிறு புறா, பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய 'லவ் பேர்ட்' ஆகியவற்றைப் பல வீடுகளில் காணலாம். காலையில் பால் மரம் வெட்டிவிட்டுக் களைத்து வருவோர்க்கு இப்பறவைகளின் குரல் ஓர் ஆறுதல்.

ஆனால், நேற்று மாலை வரை நன்றாக இருந்த பறவை இன்று காலை கூண்டின் அடியில் இறந்து கிடந்தது என்ற பேச்சும் அடிக்கடி கேட்கக் கூடியதே. கண்ணேறு பட்டது என்பார் சிலர். ஆயுள் அவ்வளவுதான் என்பார் சிலர். உண்மை வேறு. அப்பறவைகளுள் பெரும்பாலானவை பல நாள்களாக, சில வேளைகளில் பல மாதங்களாக, நோயுற்றிருந்தவையே. அந்நோய்களுள் பலவும் நாம் தடுத்திருக்கக் கூடியவை. அவற்றுள் சில வீட்டிலுள்ள மனிதரையும் பற்றக் கூடியவை. ஆகவே, பறவை வளர்ப்போர் அனைவரும் இவற்றைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

நோயை மறைக்கும் இயல்பு

காட்டில் வாழும் சிறு பறவைக்குப் பருந்தும் பாம்பும் பகை. கூட்டத்தில் எது சோர்ந்திருக்கிறதோ அதுவே முதலில் இரையாகும். எனவே, உடல் நலிந்தாலும் நலமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளும் இயல்பு பறவைகளிடம் அமைந்துள்ளது. கூண்டில் பிறந்து வளர்ந்த பறவையும் இதற்கு விலக்கன்று. அது வெளிப்படையாகச் சோர்ந்து, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டதென்றால், இனி மறைக்க இயலாத நிலைக்கு நோய் முற்றிவிட்டது என்று பொருள். அன்றைக்கே கவனிக்க வேண்டும். 'நாளை பார்க்கலாம்' என்று இருத்தல் கூடாது.

உடலளவையும் நினைவில் கொள்ள வேண்டும். நம்மவர் 'லவ் பேர்ட்' என்று பொதுவாக அழைக்கும் சிறு கிளிகளுள் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர் இனத்தவை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த உண்மையான 'லவ் பேர்ட்' வேறோர் இனமாகும். ஒரு பட்ஜெரிகரின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம்தான். அதன் உடலிலுள்ள இரத்தம் மூன்று அல்லது நான்கு மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நகம் வெட்டும்போது நரம்பில் பட்டு இரத்தம் சொட்டினால், அதை அற்பமென்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சோளமாவை வெட்டுவாயில் அழுத்திப் பிடித்தால் கசிவு நிற்கும்.

நாள்தோறும் காண வேண்டியவை

நோயை முன்கூட்டியே அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கூண்டின் அடித்தட்டில் பழைய செய்தித்தாளை விரித்து, நாள்தோறும் காலையில் மாற்றினால் போதும். அத்தாளில் விழும் எச்சமே பறவையின் மருத்துவ அறிக்கையாகும். நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: பச்சை அல்லது பழுப்பு நிறமான மலம், சுண்ணாம்பு போன்ற வெண்பகுதி, சிறிதளவு தெளிந்த நீர். கீரையோ பழமோ தின்ற நாளில் நீர் சற்று மிகுதல் இயல்பு. வெண்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், மலம் நீராய்க் கழிந்தாலும், அதில் செரிக்காத தானியம் முழுதாகக் கிடந்தாலும், எச்சத்தின் அளவு குறைந்துவிட்டாலும் ஐயுற வேண்டும்.

தானியக் கிண்ணத்தைப் பார்த்து ஏமாறுவோர் பலர். கிளி இனங்கள் தானியத்தின் உமியை நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் தின்கின்றன. உமி கிண்ணத்திலேயே தங்கிவிடுவதால் கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். நாள்தோறும் உமியை ஊதி அகற்றிப் புதுத் தானியம் இட வேண்டும்.

வாரம் ஒரு முறை பறவையை மெதுவாகக் கையிலெடுத்து அதன் மார்பெலும்பைத் தடவிப் பார்த்தல் நன்று. எலும்பின் இருபுறமும் சதை உருண்டிருக்க வேண்டும். எலும்பு கத்தி முனைபோல் துருத்தி நின்றால் பறவை மெலிந்துவிட்டது. இறகு மூடியிருப்பதால் வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. கிராம் கணக்குக் காட்டும் சமையல் தராசு இருப்பின் எடையைக் குறித்து வைக்கலாம். 35 கிராம் எடையுள்ள பறவை நான்கு கிராம் குறைந்தால், அது தன் உடலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உணவுக் குறையால் வரும் நோய்கள்

கூண்டுப் பறவைகளின் நோய்களுள் பலவற்றுக்கு வேராக இருப்பது ஒரே வகை உணவு. சூரியகாந்தி விதையையோ தினையையோ மட்டும் ஆண்டுக்கணக்கில் தின்னும் பறவைக்கு வயிறு நிறையும்; உடல் நிறையாது. தானியங்களில் கொழுப்பும் மாவும் உண்டு. 'ஏ' உயிர்ச்சத்தும் சுண்ணச் சத்தும் மிகக் குறைவு.

'ஏ' உயிர்ச்சத்துக் குறைந்தால் மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் உட்புறத்தைக் காக்கும் மெல்லிய தோல் தடித்து வறண்டுவிடும். மூக்கில் நீர் வடியும், கண்ணிமை வீங்கும், வாயினுள் வெண்ணிறத் திட்டுகள் தோன்றும். அந்த வறண்ட தோலின் வழியே கிருமிகள் எளிதில் நுழையும். சளி என்றெண்ணி மருந்து கொடுத்தும் குணமாகாத கிளிகளுள் பலவற்றுக்கு வேண்டியிருப்பது கீரையே.

இதற்கான பரிகாரம் நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. முருங்கைக் கீரை, கங்கோங், சாவி போன்ற கரும்பச்சைக் கீரைகள், மஞ்சள் பூசணி, கேரட், பழுத்த பப்பாளி ஆகியவற்றை நன்கு கழுவிச் சிறு துண்டுகளாக்கி நாள்தோறும் சிறிதளவு கொடுக்கலாம். சிவப்பு மிளகாயும் நல்லதே. மிளகாயின் காரம் பறவைகளின் நாவுக்குத் தெரியாது. புதிய உணவைப் பறவை உடனே ஏற்காது; பல நாள் பொறுமையாக வைத்துப் பழக்க வேண்டும். பழகிய தானியத்தை ஒரே நாளில் நிறுத்திவிட்டால் சில பறவைகள் பட்டினி கிடந்து இறக்கவும் கூடும். ஆகவே, மாற்றம் படிப்படியாகவே அமைய வேண்டும்.

கொடுக்கத் தகாதவையும் உள. வெண்ணெய்ப் பழம் எனும் அவோகாடோ பறவைக்கு நஞ்சு. சாக்லேட், காப்பி, மது, உப்பும் எண்ணெயும் மிகுந்த பலகாரம் ஆகியவை தீங்கு செய்யும். கிளிக்குப் பால் கலந்த தேநீரில் ரொட்டியை நனைத்துக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. அன்பினால் செய்தாலும் அது வயிற்றுப்போக்கையே தரும்.

பூசணம் பிடித்த தானியம் மிகக் கொடியது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றின் தீனியில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. 'அஃப்லாடாக்சின்' என்ற அந்நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. நம் நாட்டின் ஈரக்காற்றில், அதிலும் மழைக்காலத்தில், கோணிப்பையில் திறந்து கிடக்கும் தானியம் விரைவில் பூசணம் பிடிக்கும். சிறிது சிறிதாக வாங்கி, இறுக மூடிய டின்னில் வைத்துக்கொள்ள வேண்டும். மக்கிய நாற்றமடிக்கும் தானியத்தைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணுதல் தவறு. கழுவினால் அந்நஞ்சு நீங்காது.

முட்டை அடைப்பு

பெண் பறவைகளுக்கு ஏற்படும் ஆபத்துகளுள் முட்டை வெளிவராமல் தங்கிவிடுதல் முதன்மையானது. ஆண் துணை இல்லாத பெண் பறவையும் முட்டையிடும் என்பதைப் பலர் அறியார். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச் சத்துக் குறைந்தால் ஓடு மெலிந்துவிடும். முட்டையைத் தள்ளும் தசைகளும் வலுவிழக்கும். பறவை அடித்தட்டில் அமர்ந்து முக்கும்; வால் மேலும் கீழும் ஆடும்; அடிவயிறு புடைத்திருக்கும். அடுத்த நாள் வரை பொறுக்கக் கூடிய நிலையன்று இது. பறவையை வெதுவெதுப்பான இடத்தில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். விரலால் அழுத்தி முட்டையை வெளியேற்ற முயலவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் பறவை பிழைப்பது அரிது.

தடுப்பதோ எளிது. கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுவது கணவாய் மீனின் ஓடேயாகும். ஒரு துண்டைக் கூண்டின் கம்பியில் கட்டிவைத்தால் பறவை வேண்டும்போது கொத்தித் தின்னும். நன்கு வேகவைத்துக் காயவைத்துப் பொடித்த கோழிமுட்டை ஓடும் உதவும். காலை இளவெயில் சிறிது நேரம் படுமாறு கூண்டை வைத்தல் சுண்ணச் சத்து உடலில் சேரத் துணைசெய்யும். ஆனால், கூண்டின் ஒரு பாதி எப்போதும் நிழலில் இருக்க வேண்டும்.

வெப்பம், புகை, நச்சுக் காற்று

பறவைக்கு வியர்வை இல்லை. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் தொங்கும் கூண்டிலுள்ள பறவை, அலகைத் திறந்து இரைத்து, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கிப் பிடிப்பதைக் கண்டால், வெப்பம் தாங்காமல் தவிக்கிறது என்று அறிக. நிழலுக்கு மாற்றி, கால்களைக் குளிர்ந்த நீரால் நனைத்து, குடிக்க நீர் வைக்க வேண்டும்.

பறவையின் மூச்சமைப்பும் மனிதனுடையதினும் வேறானது. நுரையீரலோடு, பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது காற்றுப்பைகள் உடலெங்கும் பரவியுள்ளன. காற்றிலுள்ள உயிர்வளியை மிகத் திறமையாக உறிஞ்சும் இவ்வமைப்பு, காற்றிலுள்ள நஞ்சையும் அவ்வாறே விரைந்து உறிஞ்சிவிடுகிறது. இதனாற்றான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முன்னறியக் கேனரிப் பறவைகளை வைத்திருந்தனர். மின்கருவிகள் அவற்றின் இடத்தைப் பெற்றது 1986ஆம் ஆண்டில்தான்.

நம் வீட்டுச் சமையலறையும் பறவைக்கு ஒரு சுரங்கமாகக் கூடும். விறகுப் புகை, மண்ணெண்ணெய் அடுப்பின் ஆவி, கொசுவர்த்திச் சுருள், பூச்சிகொல்லித் தெளிப்பான், சிகரெட்டுப் புகை ஆகிய அனைத்தும் அதற்குக் கேடு. ஒட்டாத பூச்சுடைய சட்டி அடுப்பில் காய்ந்து மிகச் சூடானால், அதிலிருந்து எழும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கோ மணம்கூடத் தெரியாது. எனவே, கூண்டைச் சமையலறையில் வைக்கவே கூடாது. கொசு மருந்துப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிந்தால், முன்னதாகவே கூண்டை வேறிடத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

தோட்டத்து இரசாயனங்கள்

நகரவாசிகளுக்கு இல்லாத ஓர் ஆபத்து தோட்டத்தில் வாழும் நமக்கு உண்டு. களைக்கொல்லி தெளித்த இடத்திலிருந்து புல்லையும் கீரையையும் பறித்துப் பறவைக்குக் கொடுத்தல் கூடாது. பாராகுவாட் எனும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும், மற்றக் களைக்கொல்லிகள் தீங்கற்றவை என்று அதற்குப் பொருளன்று. மருந்து தெளித்த உடையோடு பறவையைத் தொடாமல், குளித்து உடை மாற்றிய பிறகே கூண்டருகே செல்ல வேண்டும்.

பழைய பால் மங்கைப் பறவையின் நீர்க் கிண்ணமாகப் பயன்படுத்தும் வழக்கமும் காணப்படுகிறது. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும், உறையாமல் காக்கும் அமோனியாவும் பட்ட பாத்திரம் எதுவும் பறவைக்கு ஆகாது. களைக்கொல்லி வந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கோ நீருக்கோ பயன்படுத்தக் கூடாது. மனிதருக்கும் இவ்விதியே.

புதிய தகரக் கம்பியால் வீட்டிலேயே கூண்டு முடைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கம்பியின் மேற்பூச்சு துத்தநாகம். கிளி அதைக் கடித்துச் சுரண்டி விழுங்கினால் நஞ்சாகும். கம்பியைப் புளிக்காடியும் தூரிகையும் கொண்டு நன்கு தேய்த்து, உதிரும் வெண்தூளை நீக்கி, நீரால் அலசிய பின்னரே பறவையை விட வேண்டும். தூண்டிலின் ஈயக் குண்டுகளையும் அதற்கு எட்டாதவாறு வைக்க வேண்டும்.

உண்ணிகளும் சிரங்கும்

இரவில் பறவை அமைதியின்றிப் படபடக்கிறதா? பகலில் சோர்ந்து இறகைக் கோதிக்கொண்டே இருக்கிறதா? செவ்வுண்ணி இருக்கக் கூடும். இது பகலில் பறவையின் உடலில் இராது. கூண்டின் மூங்கில் இடுக்கிலும் பலகை வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் உறிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழியுண்டு. இரவில் கூண்டின் மீது வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். விடியுமுன் விளக்கொளியில் அத்துணியின் உட்புறத்தைப் பாருங்கள். நகரும் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் அவையே உண்ணிகள். பறவையை வேறு கூண்டுக்கு மாற்றி, பழைய கூண்டின் இடுக்குகளில் கொதிநீரை ஊற்றி, வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். இதைச் சில நாள்களுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் செய்தால்தான் முட்டைகளிலிருந்து வரும் புது உண்ணிகளும் ஒழியும்.

பட்ஜெரிகரின் அலகைச் சுற்றியும் கண்ணோரத்திலும் காலிலும் தேனடை போன்ற நுண்துளைகளுடன் வெண்ணிறப் பொருக்குப் படர்ந்தால், அது தோலைத் துளைத்து வாழும் சிரங்குப் பூச்சியின் வேலை. கவனிக்காமல் விட்டால் அலகு கோணிப்போய்ப் பறவையால் தின்ன முடியாமல் போகும். கால்நடை மருத்துவர் தரும் மருந்தால் இது முழுமையாகக் குணமாகும். மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் பூசுவது பழைய பழக்கம். பறவை தன் அலகால் கோதும்போது அவ்வெண்ணெய் வயிற்றுக்குள் சென்று, சிரங்கைவிட விரைவாகப் பறவையைக் கொல்லும்.

நிற்கும் கோலையும் கவனியுங்கள். ஒரே பருமனுள்ள வழவழப்பான கோலில் எந்நேரமும் நிற்கும் பறவைக்கு உள்ளங்காலில் புண் உண்டாகும். பருமன் வேறுபட்ட கொய்யாக் கிளைகளைக் கழுவிப் பொருத்தினால் காலுக்கும் நன்று. கடித்து விளையாடவும் உதவும்.

தொற்று நோய்கள்

அம்மை: கொசு கடிப்பதனால் பறவைகளுக்குள் பரவும் நோய் இது. கண்ணைச் சுற்றியும் அலகோரத்திலும் காலிலும் மருக்கள் தோன்றும். தொண்டைக்குள் வந்தால் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும். வெளியே வரும் மருக்கள் சில வாரங்களில் காய்ந்து உதிரும். அவற்றைப் பிய்த்தெடுக்கக் கூடாது. மாலையில் கூண்டைக் கொசுவலையால் மூடுவதும், சுற்றுப்புறத்தில் நீர் தேங்காமல் பார்ப்பதுமே சிறந்த தடுப்பு. டிங்கியிலிருந்து பிள்ளைகளைக் காக்க நாம் செய்யும் அதே வேலை பறவையையும் காக்கிறது.

தொண்டைப் புண்: புறாக்களையும் மெர்போக்கையும் தாக்குவது. தொண்டையில் மஞ்சள் நிறத்தில் பாலாடைக் கட்டி போன்ற பொருள் படியும். தாய்ப்புறா குஞ்சுக்கு ஊட்டும் 'புறாப்பால்' வழியாகவும், பொதுவாகக் குடிக்கும் நீர் வழியாகவும் பரவும். நீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கழுவிக் காயவைத்தல் இதைப் பெரிதும் குறைக்கும்.

இராணிகெட் அல்லது நியூகாசல் நோய்: கோழிகளின் கொள்ளை நோயாகிய இது புறா, கிளி ஆகியவற்றையும் பற்றும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் முதலில் அறியப்பட்டு, அடுத்த ஆண்டில் இந்தியாவின் இராணிகெட் என்னும் ஊரில் காணப்பட்டதால் இவ்விரு பெயர்களும் அமைந்தன. பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், இறக்கையும் காலும் செயலிழத்தல் ஆகியவை இதன் குறிகள். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பு மருந்து உண்டு. கிராமக் கோழிகளுக்குத் தீனியில் கலந்து கொடுக்கத்தக்க, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை 1980களில் செர்டாங்கிலுள்ள பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிஞர்கள் ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து உருவாக்கினர் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. வீட்டில் கோழிகளும் இருப்பின் அவற்றுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது கூண்டுப் பறவைக்கும் அரணாகும். கோழிகளைப் பார்த்த கையோடு கூண்டைத் தொடாமல், சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

பறவைக் காய்ச்சல்: 2004 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் வட்டாரத்தில் இந்நோய் கோழிகளிடையே காணப்பட்டது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் தீபகற்பத்தின் வேறு சில இடங்களிலும், 2017இல் மீண்டும் கிளந்தானிலும் தலைகாட்டியது. ஒரே வேளையில் பல பறவைகள் திடீரென மாண்டால், அவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், ஆற்றிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். தெரிவித்தால் தம் பறவைகளை அழித்துவிடுவார்களோ என்று அஞ்சி மறைப்போர், அயல்வீட்டாரின் பறவைகளையும் மனிதரின் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகின்றனர்.

மனிதருக்குத் தொற்றும் கிளிக் காய்ச்சல்

கிளி, புறா ஆகியவற்றிலிருந்து மனிதருக்கு வரும் நோய்களுள் முக்கியமானது 'சிட்டாகோசிஸ்' எனும் கிளிக் காய்ச்சல். 1929, 1930ஆம் ஆண்டுகளில், தென்னமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட கிளிகளின் வழியே இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பலரைப் பலிகொண்டது. நோயுற்ற பறவையின் எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கும்போது அதைச் சுவாசிப்போர்க்கு நோய் தொற்றும். பறவைக்கு வெளிப்படையான நோய்க்குறி இல்லாமலும் இருக்கலாம்.

பொதுவாக 5 முதல் 14 நாள்களுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் தோன்றும். பின்னர் நுரையீரல் அழற்சியாக முற்றலாம். தக்க மருந்தை உரிய காலத்தில் உட்கொண்டால் நன்கு குணமாகும். ஆனால், இதன் தொடக்கக் குறிகள் டிங்கியையும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலையும் ஒத்திருப்பதால் மருத்துவரும் எளிதில் ஐயுற மாட்டார். ஆகவே, வீட்டில் பறவை வளர்ப்போர் காய்ச்சலுடன் கிளினிக்கிற்குச் செல்லும்போது, கேட்காவிட்டாலும் 'வீட்டில் கிளி வளர்க்கிறோம்' அல்லது 'புறா வளர்க்கிறோம்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கக் கூடும்.

புறா எச்சம் குவிந்து கிடக்கும் இடத்தில் நுரையீரலையும் மூளையுறையையும் தாக்கும் பூசணமும் வளரும். எனவே, புறாக்கூட்டைக் காய்ந்த நிலையில் கூட்டாதீர்கள். முதலில் நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, பிறகு சுரண்டி எடுங்கள். சிறு பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் முதியோரும் அவ்வேலையைச் செய்யலாகாது. பறவைக்கு வாயோடு வாய் வைத்து உணவூட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

புதுப் பறவையும் கூண்டுத் தூய்மையும்

நோய் பெரும்பாலும் புதுப் பறவையோடுதான் வீட்டுக்குள் வருகிறது. புதிதாக வாங்கிய பறவையை 30 நாள்களேனும் வேறு அறையில், வேறு கிண்ணங்களுடன் தனித்து வைக்க வேண்டும். நாள்தோறும் பழைய பறவைகளுக்கு முதலில் தீனி வைத்து, புதியதற்குக் கடைசியில் வைக்க வேண்டும்.

காட்டில் பிடித்ததாகச் சொல்லி வழியில் விற்கப்படும் பறவைகளை வாங்காதீர்கள். பிடிபட்ட அச்சத்தாலும் நெருக்கத்தாலும் அவற்றுள் பல நோயுற்றிருக்கும். மேலும், காட்டுக் கிளிகள், மலை மைனா போன்ற பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றி வைத்திருத்தல் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஐயமிருப்பின் 'பெர்ஹிலித்தான்' அலுவலகத்தைக் கேட்டறியலாம்.

வாரம் ஒரு முறை கூண்டையும் கிண்ணங்களையும் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு நீங்கிய பின், ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெளுப்பு நீரைக் கலந்து, பத்து நிமிடம் நனைய விட்டு, நன்கு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். அழுக்கின் மேல் வெளுப்பு நீரை ஊற்றுவதால் பயனில்லை. அதை அமோனியாவுடனோ அமிலத்துடனோ கலந்தால் நச்சுக்காற்று எழும். அவ்வேலையின்போது பறவை அருகில் இருக்கக் கூடாது.

நோயுற்றால் உடனே செய்ய வேண்டியவை

நோயுற்ற பறவைக்கு முதல் மருந்து வெதுவெதுப்பு. அதன் இயல்பான உடல் வெப்பம் 40 பாகை செல்சியசுக்கும் மேல். நோயில் அதைக் காத்துக்கொள்ளவே அதன் வலிமையெல்லாம் செலவாகிறது. காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, பெட்டியின் ஒரு பக்கத்தில் வெளியே, அட்டையில் படாதவாறு, குமிழ் விளக்கொன்றை எரியவிடுங்கள். உள்ளே ஏறத்தாழ 30 பாகை இருந்தால் போதும். மற்றப் பக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் பறவை விலகிக்கொள்ளும். நீரும் தீனியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் நீர் சென்றால் இறந்துவிடும்.

நாம் உண்ணும் காய்ச்சல் மாத்திரை, பிராந்தி, கோழிக்கு வாங்கிய மருந்து ஆகியவற்றைச் சிறு பறவைக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு கிலோ கோழிக்கான அளவு, 35 கிராம் பறவைக்கு ஐம்பது மடங்குக்கும் மேலாகும். அடித்தட்டுத் தாளை எச்சத்தோடு மடித்து எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். என்ன தின்றது, எப்போது சோர்ந்தது, அண்மையில் புதுப் பறவை வந்ததா, அருகில் மருந்து தெளித்தார்களா என்பவற்றைச் சொல்லுங்கள்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. அடித்தட்டுத் தாளை நாள்தோறும் மாற்றி எச்சத்தைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை மார்பெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும்.

2. தானியத்தோடு கீரையும் கடல் நுரையும் கொடுக்க வேண்டும். பூசணம் பிடித்ததை எறிந்துவிட வேண்டும்.

3. கூண்டு சமையலறையிலும் இருக்கலாகாது; நண்பகல் வெயிலிலும் இருக்கலாகாது.

4. பால் மங்கும் மருந்துக் கலனும் பறவையின் பாத்திரமாகா.

5. மாலையில் கூண்டுக்குக் கொசுவலை கட்ட வேண்டும்.

6. புதுப் பறவையை 30 நாள் தனியே வைக்க வேண்டும்.

7. பறவையைத் தொட்ட பின் பிள்ளைகள் கை கழுவுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

8. காய்ச்சலுக்கு மருத்துவரைக் காணும்போது வீட்டில் பறவை இருப்பதைச் சொல்ல வேண்டும்.

இவற்றுள் பணம் மிகுதியாகச் செலவாவது எதுவுமில்லை. காலையில் ஐந்து நிமிடமும், வாரத்தில் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால் போதும். கூண்டில் அடைபட்ட பறவை தன் உணவைத் தானே தேட முடியாது. வெயிலிலிருந்து தானே விலக முடியாது. நோயைச் சொல்லவும் அதற்கு வாயில்லை. அதை அடைத்து வைத்தவர்களே அதற்காகப் பார்க்கவும் கேட்கவும் கடமைப்பட்டவர்கள். அக்கடமையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து வந்தால் பறவையும் நீண்ட நாள் வாழும். வீட்டிலுள்ளோரும் நோயின்றி இருப்பர்.